குளூட்டமேட் கடத்தித் தடுப்பான்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளூட்டமேட் கடத்தி என்பது என்ன? அதைத் தடுத்துப் பார்க்க வேண்டிய தேவை ஏன் வந்தது?

மூளையில் ஒரு நரம்பணு அடுத்த நரம்பணுவைத் தூண்டுவதற்கு மிக அதிகமாகப் பயன்படும் வேதிப்பொருள் குளூட்டமேட். அசிட்டைல்கோலின் என்ற மற்றொரு நரம்பு வேதிப்பொருளுக்கு இருப்பதைப் போல, இதை வெளியிலேயே சிதைத்துவிடும் நொதி எதுவும் இல்லை. ஆகவே, வேலை முடிந்த குளூட்டமேட்டை அங்கிருந்து எடுத்துச் செல்வது ஒன்றே வழி. செல்களின் சவ்வில் பதிந்திருந்து அதை உள்ளே இழுத்துக்கொள்ளும் புரதங்களைத்தான் குளூட்டமேட் கடத்திகள் என்கிறோம். (மின்சாரத்தைக் கடத்தும் பொருளுக்கும் தமிழில் இதே சொல் வழங்குவதால், முதன்முறை படிப்பவர்கள் சற்றுக் குழம்புவதுண்டு.)

ஒவ்வொரு குளூட்டமேட்டையும் உள்ளே கொண்டுவருவதற்கு மூன்று சோடியம் அயனிகளும் ஒரு ஹைட்ரஜன் அயனியும் கூடவே நுழைகின்றன. ஒரு பொட்டாசியம் அயனி வெளியேறுகிறது. இந்தக் கணக்கை 1996-இல் செராங்குவும் கவனாவும் நிறுவினார்கள். இதன்படி, உள்ளிருக்கும் செறிவு வெளியே இருப்பதைப் போல ஏறத்தாழ பத்து லட்சம் மடங்கு வரை உயர்ந்தாலும் கடத்தியால் இழுத்துக்கொண்டே இருக்க முடியும். இவ்வளவு வலுவான ஒரு துப்புரவு ஏற்பாடு நின்றுபோனால் என்ன நடக்கும் என்று அறிய விரும்பியதுதான் தடுப்பான்களைத் தேடியதன் தொடக்கம்.

இவற்றில் எத்தனை வகைகள் உள்ளன?

மனிதரிடம் ஐந்து: இஏஏடி1 முதல் இஏஏடி5 வரை (இஏஏடி என்பது ‘தூண்டல் அமினோ அமிலக் கடத்தி’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம்). எலி ஆய்வுகளில் முதல் மூன்றும் முறையே கிளாஸ்ட், ஜிஎல்டி-1, இஏஏசி1 என்ற பெயர்களில் வரும். இந்த மூன்றின் மரபணுக்களும் 1992-இல் தனித்தனி ஆய்வுக் குழுக்களால் பிரித்தெடுக்கப்பட்டன. முதல் இரண்டும் பெரும்பாலும் நரம்பணுக்களுக்குத் துணைநிற்கும் ஆஸ்ட்ரோசைட்டு என்ற செல்களிலும், மூன்றாவது நரம்பணுக்களிலும், நான்காவது சிறுமூளையின் புர்கின்யே செல்களிலும், ஐந்தாவது விழித்திரையிலும் இருக்கின்றன. முன்மூளையில் நடக்கும் உள்ளிழுப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஜிஎல்டி-1 ஒன்றின் வேலை என்பது பொதுவாக ஏற்கப்பட்ட மதிப்பீடு.

தடுப்பான்கள் எல்லாம் ஒரே வேலையைத்தான் செய்கின்றனவா?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் உண்டு என்றால் இதைப் படியுங்கள்.

நிறுத்தத்தில் நிற்கும் பேருந்தை நினைத்துக்கொள்ளலாம். ஒருவர் ஏறி இருக்கையில் உட்கார்ந்துவிடுகிறார். அதனால் இன்னொருவருக்கு இடமில்லை. வேறொருவர் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. படிக்கட்டில் நின்று வழியை அடைத்துக்கொண்டிருக்கிறார். இரண்டு நேர்விலும் வெளியே நிற்பவர் ஏற முடியவில்லை என்பது உண்மைதான். ஆனால் முதல் நேர்வில் பேருந்து ஓடிக்கொண்டிருக்கிறது, இரண்டாவதில் நின்றுவிட்டது.

குளூட்டமேட்டைப் போலவே தோற்றமளித்து, அதற்குப் பதிலாகத் தானே உள்ளே போகும் சேர்மங்களைப் பயணிக்கும் தடுப்பான்கள் என்றும், பிணையும் இடத்தில் அமர்ந்து கடத்தியை அசையவிடாமல் செய்பவற்றைப் பயணிக்காத தடுப்பான்கள் என்றும் இங்கே அழைப்போம். பிடிசி எனச் சுருக்கமாக வழங்கும் பைரோலிடின் டைகார்பாக்சிலிக் அமிலமும், டிஎச்ஏ எனப்படும் திரியோ-ஹைட்ராக்சி அஸ்பார்ட்டேட்டும் முதல் வகை. டைஹைட்ரோகைனேட்டும், டிபிஓஏ எனப்படும் திரியோ-பென்சைலாக்சி அஸ்பார்ட்டேட்டும் இரண்டாம் வகை.

இந்த வேறுபாடு வெறும் பெயரளவில் நிற்பதில்லை. பிடிசி உள்ளே நுழையும்போது சோடியமும் கூடவே நுழைகிறது. செல் மின்னளவில் பாதிக்கப்படுகிறது. அதைவிட முக்கியமானது, உள்ளே போன பிடிசி இறங்கியதும் அதே கடத்தி உள்ளிருக்கும் குளூட்டமேட்டை ஏற்றிக்கொண்டு வெளிப்பக்கம் திரும்பிவிடக் கூடும். இதைப் பரிமாற்றம் என்கிறார்கள். ஆகவே பிடிசி கொடுத்தபின் வெளியே குளூட்டமேட் கூடினால், உள்ளிழுப்பு நின்றதால் கூடியதா, பிடிசியே செல்லுக்குள் இருந்ததை வெளியேற்றியதா என்று அந்த ஒரு சோதனையை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. பழைய ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கும்போது எந்தத் தடுப்பான் பயன்பட்டது என்பதை முதலில் பார்த்துவிட்டு முடிவுரைக்குப் போவது நல்ல பழக்கம் என்பது என் கருத்து.

ஒரு சேர்மம் எந்த வகையைச் சேர்ந்தது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

வழக்கமான உள்ளிழுப்புச் சோதனை இதற்கு உதவாது. கிண்ணத் தட்டில் வளர்த்த செல்களின் மேல் டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் ஏற்றிய டி-அஸ்பார்ட்டேட்டைச் சில நிமிடங்கள் விட்டு, பனிக்கட்டியில் குளிர்ந்த கரைசலால் விரைந்து கழுவி, செல்களைக் கரைத்துக் கதிரியக்கத்தை எண்ணுவார்கள். டி-அஸ்பார்ட்டேட் கடத்தியால் எடுத்துக்கொள்ளப்படும், ஆனால் செல்லுக்குள் எளிதில் வளர்சிதை மாற்றம் அடையாது. அதனால்தான் அது தேர்ந்தெடுக்கப்பட்டது. சோடியத்துக்குப் பதிலாகக் கோலின் சேர்த்த கரைசலில் ஒரு வரிசைக் கிண்ணங்களைத் தனியே வைத்து, அதில் வரும் எண்ணிக்கையைக் கழித்துவிட வேண்டும். இந்தச் சோதனையில் பிடிசியும் டிபிஓஏவும் ஒரே மாதிரியான சரிவைத்தான் காட்டும்; ஏறி அமர்ந்தவரையும் படிக்கட்டில் நிற்பவரையும் எண்ணிக்கை பிரித்துக் காட்டாது.

பிரித்துக் காட்டுவது மின்னோட்டம். ஜெனோபஸ் தவளையின் முட்டைச் செல்லில் மனிதக் கடத்தியின் ஆர்என்ஏவைச் செலுத்தி, சில நாட்கள் காத்திருந்து, சவ்வின் மின்னழுத்தத்தை நிலையாகப் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். குளூட்டமேட்டை ஓடவிட்டால் பதிவுக் கோடு உள்நோக்கி இறங்குகிறது, ஏனெனில் ஒரு சுற்றுக்கு இரண்டு நேர்மின்னூட்டங்கள் நிகரமாக உள்ளே போகின்றன. பிடிசியைத் தனியாக ஓடவிட்டாலும் கோடு அதே திசையில் இறங்கும். டிபிஓஏவைத் தனியாக ஓடவிட்டால் கோடு இறங்காது. கடத்தியின் ஊடே சும்மா கசிந்துகொண்டிருந்த எதிர்மின் அயனிகளின் மின்னோட்டம்கூட அடைபடுவதால், சற்று எதிர்த்திசையில் நகரக் காணலாம். இதற்கு மேல் சான்று வேண்டுவோர், கதிரியக்க டி-அஸ்பார்ட்டேட்டை முன்கூட்டியே செல்லுக்குள் நிரப்பிவிட்டு, சேர்மம் அதை வெளியே வரவழைக்கிறதா என்று பார்ப்பார்கள்.

முதல் தடுப்பான்கள் எங்கிருந்து வந்தன?

கான்பெராவில் பால்கரும் ஜான்ஸ்டனும் 1972-இல் எலி மூளைத் துண்டுகளைக் கொண்டு, எந்தெந்த வடிவமுடைய மூலக்கூறுகள் குளூட்டமேட்டின் உள்ளிழுப்பைக் குறைக்கின்றன என்று ஒழுங்காகச் சோதித்தார்கள். டிஎச்ஏவின் ஆற்றல் அப்போதே தெரிந்தது. கடத்திப் புரதம் எதுவும் கையில் கிடைக்காத காலம் அது. ஆயினும் மூலக்கூறு எவ்வளவு நீளமாக இருக்க வேண்டும், இரண்டு அமிலத் தொகுதிகள் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதையெல்லாம் ஊகித்துவிட்டார்கள்.

டைஹைட்ரோகைனேட்டின் கதை கடலில் தொடங்குகிறது. டைஜீனியா சிம்ப்ளெக்ஸ் என்ற சிவப்புக் கடற்பாசியை ஜப்பானில் குடற்புழு நீக்க மருந்தாக நெடுங்காலம் பயன்படுத்தினார்கள். அதிலிருந்து 1953-இல் கைனிக் அமிலம் பிரித்தெடுக்கப்பட்டது. குளூட்டமேட்டின் சமிக்ஞையைப் பெறும் புரதங்களான குளூட்டமேட் ஏற்பிகளைக் கைனிக் அமிலம் கடுமையாகத் தூண்டும். அதில் ஹைட்ரஜனைச் சேர்த்துப் பக்கச்சங்கிலியின் இரட்டைப் பிணைப்பை நீக்கினால் அந்தக் கடுமை பெரிதும் தணிந்து, கடத்தியைத் தடுக்கும் இயல்பு மேலோங்குகிறது. பிடிசி 1991-இல் கலிபோர்னியாவில் பிரிட்ஜஸ் குழுவினரால் வந்தது: வளைந்து நெளியும் குளூட்டமேட்டை ஐந்தணு வளையம் ஒன்றில் கட்டிப்போட்டால் எந்த நிலையைக் கடத்தி விரும்புகிறது என்று அறியலாம் என்ற எண்ணத்தின் விளைவு அது.

டிபிஓஏவுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

ஒசாகாவில் சன்டோரி நிறுவனத்தின் உயிர்க்கரிம ஆய்வகத்தில் கெய்கோ ஷிமாமோட்டோ குழுவினர் இதை உருவாக்கி, 1998-இல் விரிவான ஆய்வை வெளியிட்டார்கள். (விஸ்கிக்குப் பேர்போன அதே சன்டோரிதான்.) டிஎச்ஏவின் ஹைட்ராக்சில் தொகுதியில் ஒரு பென்சைல் தொகுதியைத் தொங்கவிட்டதுதான் அவர்கள் செய்த மாற்றம். பயணித்துக்கொண்டிருந்த மூலக்கூறு, அந்தப் பருத்த வால் மாட்டியவுடன் பயணிக்காததாக மாறிவிட்டது. அதற்கு முன் பயணிக்காத தடுப்பான் என்றால் ஏறத்தாழ டைஹைட்ரோகைனேட் மட்டுமே. அதுவும் இஏஏடி2-க்கு மட்டும். எல்லா வகைகளையும் தடுத்து, எதிலும் நுழையாமல், ஏற்பிகளை ஏறக்குறையத் தொடாமல் இருக்கும் முதல் பொதுக் கருவியாக டிபிஓஏ அமைந்தது.

ஒரு நடைமுறைக் குறிப்பு: கடையில் கிடைப்பது பெரும்பாலும் டி, எல் என்ற இரண்டு ஆடிப்பிம்ப வடிவங்களும் சேர்ந்த டிஎல் கலவை, செயல்திறன் பெரும்பாலும் எல் வடிவத்தைச் சார்ந்தது. எனவே இரண்டு கட்டுரைகளின் செறிவுகளை ஒப்பிடுமுன் எது கலவை, எது தனி வடிவம் என்று பார்த்துக்கொள்வது நல்லது.

டிபிஓஏவைவிட வலுவானது எதுவும் இல்லையா?

இருக்கிறது. அதே குழு 2004-இல் வெளியிட்ட டிஎஃப்பி-டிபிஓஏ, இஏஏடி1-ஐ 22 நானோமோலாரிலும், இஏஏடி2-ஐ 17 நானோமோலாரிலும் பாதியளவு தடுக்கிறது. இஏஏடி3-க்கு ஏறத்தாழ 300 நானோமோலார் தேவை. டிபிஓஏவுக்கோ மைக்ரோமோலார் கணக்கில், அதாவது நானோமோலாரின் ஆயிரம் மடங்கு அலகில், வேண்டும். வலிமைக்கு விலை உண்டு: இறுகப் பிடிக்கும் மூலக்கூறு எளிதில் விடாது. கழுவியபின் செல் பழைய நிலைக்குத் திரும்புவதைக் காட்டியாக வேண்டிய சோதனைக்கு டிபிஓஏவே ஏற்றது என்று நினைக்கிறேன்.

ஒரு வகைக் கடத்தியை மட்டும் தடுக்க முடியுமா?

இஏஏடி2-க்கு இரண்டு தேர்வுகள். டைஹைட்ரோகைனேட்டின் பிணைப்பு மாறிலி (குறைவாக இருந்தால் பிடிப்பு இறுக்கம்) இஏஏடி2-இல் 23 மைக்ரோமோலார். இஏஏடி1-இல் 3 மில்லிமோலாருக்கும் மேல். தேர்வுத்திறன் சிறப்பானதுதான், ஆனால் வலிமை குறைவு என்பதால் நூற்றுக்கணக்கான மைக்ரோமோலார் ஊற்ற வேண்டியிருக்கிறது. அந்த அளவில் கைனேட் ஏற்பிகளின் மேல் அதன் பழைய குணம் எட்டிப் பார்க்கிறது. வையத் மருந்து நிறுவனத்திலிருந்து 2005-இல் வந்த வே-213613 இந்தக் குறையைத் தீர்த்தது: இஏஏடி2-க்கு 85 நானோமோலார், இஏஏடி1, இஏஏடி3 இரண்டுக்கும் ஏறத்தாழ 4 முதல் 5 மைக்ரோமோலார். ஒரு மைக்ரோமோலார் அளவில் பயன்படுத்தினால் தேர்வுத்திறன் காக்கப்படும்; பத்து மைக்ரோமோலாருக்குப் போனால் அது எல்லாவற்றையும் தடுக்கும் பொதுத் தடுப்பானாகிவிடும். தேர்வுத்திறன் என்பது சேர்மத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருப்பதன்று. கரைசலில் உள்ள செறிவோடு வருவதும் போவதுமாக இருப்பது.

இஏஏடி1-க்குக் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தார் 2009-இல் அறிவித்த யுசிபிஎச்-101 உள்ளது. பாதித் தடுப்புக்கு 0.66 மைக்ரோமோலார் போதும். மற்றவற்றிலிருந்து இது அடிப்படையிலேயே வேறுபட்டது. இது அமினோ அமிலம் அன்று. குளூட்டமேட்டின் சாயலே இதில் இல்லை. குளூட்டமேட்டோடு இடத்துக்குப் போட்டியிடுவதும் இல்லை. ஆகவே குளூட்டமேட்டின் அளவை எவ்வளவு கூட்டினாலும் இதை விரட்டிவிட முடியாது.

புரதத்தின் எந்த இடத்தில் இவை பிணைகின்றன?

ஆழ்கடலின் கொதிநீர் ஊற்றுகளில் வாழும் பைரோகாக்கஸ் ஹோரிகோஷீ என்ற நுண்ணுயிரின் உறவுப் புரதத்தின் அமைப்பை 2004-இல் கோவோவின் குழு வெளியிட்டது. மூன்று துணையலகுகள் சேர்ந்து ஒரு கிண்ணம் போல நிற்கின்றன. நிலையாக நிற்கும் தாங்கு பகுதி ஒன்று, அதை ஒட்டி மேலும் கீழும் நகரும் கடத்து பகுதி ஒன்று. கட்டடத்தின் மின்தூக்கியைப் போல. பிணையும் இடத்தின் மேல் ஒரு மடிப்பு மூடியாக வந்து விழ வேண்டும். மூடி விழுந்தால்தான் தூக்கி இறங்கும். 2007-இல் பௌட்கரும் உடன்பணியாற்றியோரும் டிபிஓஏ பிணைந்த நிலையைப் படமாக்கியபோது, அந்தப் பென்சைல் வால் மூடியை முட்டித் திறந்து வைத்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. ஒசாகாவில் மாட்டிய வால் என்ன செய்கிறது என்பதற்கு ஒன்பது ஆண்டுகள் கழித்து விடை கிடைத்தது.

யுசிபிஎச்-101 எங்கே இருக்கிறது என்பது 2017-இல் மனித இஏஏடி1-இன் அமைப்போடு வெளிவந்தது: தாங்கு பகுதிக்கும் கடத்து பகுதிக்கும் இடைப்பட்ட சந்தில், தூக்கிக்குக் கொடுத்த ஆப்பாக.

மூளைத் துண்டில் இதைப் பயன்படுத்தும்போது உண்மையில் என்ன பார்க்கிறார்கள்?

எலி மூளையில் நினைவோடு தொடர்புடைய பகுதியான ஹிப்போகாம்பஸை ஏறத்தாழ 300 மைக்ரோமீட்டர் தடிமனில் சீவி, ஆக்சிஜன் குமிழியிடும் உப்புக்கரைசல் ஓடும் சிறு தொட்டியில் வைக்கிறார்கள். ஒரு நரம்பணுவைக் கண்ணாடிக் குழாயின் நுனியால் பிடித்து, மின்னோட்டத்தைப் பதிவு செய்கிறார்கள். டிபிஓஏ தொட்டியை அடைந்ததும், யாரும் எந்த இழையையும் தூண்டாமலேயே, பதிவின் அடிக்கோடு கீழே நகரத் தொடங்குகிறது. என்எம்டிஏ என்ற குளூட்டமேட் ஏற்பி வகையைத் தடுக்கும் ஏபி5 சேர்த்தால் மேலே ஏறிவிடுகிறது. அதாவது, வெளியே குளூட்டமேட் சேர்ந்துகொண்டிருக்கிறது.

எங்கிருந்து? 1999-இல் ஜபோடனும் உடன்பணியாற்றியோரும் இதைச் சோதித்தபோது, நரம்பணுக்கள் குளூட்டமேட்டைச் சேமித்து வைக்கும் நுண்பைகளிலிருந்து அது வெளிப்படும் வழிகளை அடைத்தபின்னும் குளூட்டமேட் விரைவாகச் சேர்வதைக் கண்டார்கள். நரம்பணுக்கள் சந்திக்கும் இடமான சினாப்ஸ் அமைதியாக இருக்கும்போதும் குளூட்டமேட் வேறு வழிகளில் ஓயாமல் கசிகிறது, கடத்திகள் ஓயாமல் அள்ளுகின்றன என்பதே இதன் பொருள். அப்படி அள்ளியபின் மிஞ்சுவது எவ்வளவு என்பதை ஹெர்மனும் ஜாரும் 2007-இல் ஹிப்போகாம்பஸ் துண்டுகளில் சுமார் 25 நானோமோலார் என்று கணித்தார்கள். செல்லுக்குள் இருப்பதோ மில்லிமோலார் அளவில்.

தூண்டிய சமிக்ஞைகளில் விளைவு இடத்துக்கு இடம் வேறுபடும். புர்கின்யே செல்களில் தூண்டல் மின்னோட்டம் தெளிவாக நீள்கிறது. ஹிப்போகாம்பஸில் ஆம்பா என்ற மற்றொரு ஏற்பி வகையின் விரைவான மின்னோட்டம் அதிகம் மாறுவதில்லை, என்எம்டிஏ ஏற்பியின் பங்குதான் நீள்கிறது. கடத்தி ஒரு சுற்றை முடிக்க ஏறத்தாழ 70 மில்லிவினாடி எடுக்கிறது. ஆனால் குளூட்டமேட்டைப் பற்றிக்கொள்வது மிக விரைவு. எனவே முதல் சில மில்லிவினாடிகளில் கடத்திகள் செய்வது கடத்தலைவிடப் பிடித்து வைத்தல்தான். இன்னொன்று: அறை வெப்பநிலையில் கடத்தி மிகவும் சோம்பிவிடும். 22 டிகிரியில் எடுத்த பதிவை உடல் வெப்பநிலையில் எடுத்ததோடு நேராக ஒப்பிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

பக்கவாத ஆய்வில் இவற்றுக்கு என்ன பங்கு?

இரத்த ஓட்டம் நின்றால் ஆற்றல் தீர்ந்து, சோடியம்-பொட்டாசியம் வேறுபாடு குலைந்து, கடத்தி பின்னோக்கி ஓடத் தொடங்கும். அள்ள வேண்டியது கொட்டத் தொடங்கும். 2000-இல் ரோசி, ஓஷிமா, அட்வெல் மூவரும் இதை நிறுவப் பயன்படுத்தியது, மேலே நான் குறை கூறிய பிடிசியைத்தான். அது உள்ளே போகும் என்பதையே பலமாக்கி, முன்கூட்டியே செல்களுக்குள் நிரப்பிவிட்டு, உட்பக்கத்திலிருந்து குளூட்டமேட்டின் வெளியேற்றத்தை மெதுவாக்கினார்கள். குறையென்று தோன்றிய குணமே இங்கே கருவியாகிவிட்டது.

ஏஎல்எஸ் என்னும் இயக்க நரம்பணு நோயோடு இவற்றைத் தொடர்புபடுத்துகிறார்களே?

ரோத்ஸ்டைன் குழு 1993-இல் தண்டுவடத் துண்டுகளை வாரக்கணக்கில் டிஎச்ஏ அல்லது பிடிசியோடு வளர்த்தபோது, இயக்க நரம்பணுக்கள் மெல்ல மெல்ல மடிந்தன. மிகுந்த செல்வாக்குப் பெற்ற மாதிரி இது. இரண்டுமே பயணிக்கும் தடுப்பான்கள் என்பதால் பரிமாற்றத்தின் பங்கு எவ்வளவு என்ற கேள்வி அதில் எஞ்சி நிற்கிறது. ஆனால் 1998-க்கு முன் வேறு நல்ல கருவியும் அவர்கள் கையில் இல்லை. கடத்தியின் அளவைக் கூட்டும் செஃப்டிரையாக்சோன் என்ற நுண்ணுயிர்க்கொல்லியை நோயாளிகளிடம் சோதித்த பெரிய ஆய்வு 2014-இல் பயன் காட்டாமல் முடிந்தது.

தடுப்பான்களை மருந்தாகக் கொடுக்க முடியுமா?

முடியாது. ஜிஎல்டி-1 மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகள் உயிர்கொல்லும் வலிப்புக்கு ஆளாகின்றன என்று 1997-இல் டனாகா குழு காட்டியது. டிபிஓஏ வகைச் சேர்மங்களைச் சுண்டெலியின் மூளை அறைகளில் செலுத்தியபோதும் கடும் வலிப்பே வந்தது. இவை ஆய்வகத்தின் அலமாரியில் இருக்க வேண்டியவை.

அஜினோமோட்டோ என்ற குளூட்டமேட் உப்பைச் சாப்பிட்டால் இந்தக் கடத்திகள் திணறுமா?

உணவில் வரும் குளூட்டமேட்டின் பெரும்பகுதியைக் குடலின் செல்களே எரித்துவிடுகின்றன. இரத்தத்தில் இருப்பதையும் இரத்த-மூளைத் தடை உள்ளே விடுவதில்லை. மேலே பேசிய சேர்மங்களோடு இதற்குத் தொடர்பில்லை.

நரம்பணுக்களின் பைகளில் குளூட்டமேட்டை நிரப்பும் கடத்திகளையும் டிபிஓஏ தடுக்குமா?

அவை விஜிளுட் என்ற வேறு குடும்பம். இயங்கும் விதமும் வேறு. ரோஸ் பெங்கால், ஈவன்ஸ் புளூ போன்ற சாயங்கள்தான் அவற்றைத் தடுக்கப் பயன்படுகின்றன. அந்தச் சாயங்கள் வேறு பலவற்றையும் தொடுபவை.

இஏஏடி3, 4, 5 ஆகியவற்றுக்குத் தனித் தடுப்பான்கள் உண்டா?

இஏஏடி3-இன் மேல் ஓரளவு சாய்வு காட்டும் எல்-பீட்டா-திரியோ-பென்சைல் அஸ்பார்ட்டேட் போன்ற சில சேர்மங்கள் உள்ளன; ஆனால் வே-213613 இஏஏடி2-க்குத் தரும் தெளிவை அவை தருவதில்லை. எனவே நரம்பணுக் கடத்தியின் பங்கை அறிய விரும்புவோர் பெரும்பாலும் சுற்றுவழியில் போகிறார்கள்: முதலில் யுசிபிஎச்-101, பிறகு வே-213613, கடைசியாக டிபிஓஏ என்று அடுக்கடுக்காகச் சேர்த்து, ஒவ்வொரு படியிலும் மின்னோட்டம் எவ்வளவு குறைகிறது என்று கழித்துப் பார்க்கிறார்கள். நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் இதே வழியில் மிச்சத்தைக் கணக்கிடுவதைவிட, அவை பெருமளவில் உள்ள செல்லையே, அதாவது புர்கின்யே செல்லையோ விழித்திரையின் செல்லையோ, தேடிப்போய்ப் பிடிப்பதுதான் இன்றும் எளிதாக இருக்கிறது.